தாத்தா மீசையும் வச்சிரதந்தர் பற்பொடியும்

மாவிலங்கூரை ஆண்ட பெருஞ்சிங்கராயனுக்கு நாற்பத்திரண்டாவது வயதில் கல்யாண ஆசை வந்தது. வந்தால் வரட்டும், தப்பில்லை. கூடவே கண்ணாடி பார்க்கும் ஆசையும் வந்துவிட்டது. அங்கேதான் சனி பிடித்தது.

இருபது வருஷம் வெற்றிலை போட்ட வாய். பல் ஒவ்வொன்றும் பழைய செம்புக்காசு மாதிரி இருந்தது. பெண் பார்த்துப் பயந்துவிடுவாளோ என்று ராஜா கவலைப்பட்டபோது, வச்சிரதந்தர் என்றொரு வைத்தியர் வந்து சேர்ந்தார். எந்த ஊர் என்று கேட்டால் வடக்கே கையைக் காட்டுவார். அவர் வாயைத் திறந்தால் சபையில் விளக்கு வேண்டாம். அப்படி ஒரு பல்வரிசை!

"காலையில் எலுமிச்சைச் சாறு, மாலையில் என்னுடைய பொடி. பச்சரிசிப் பல் வந்துவிடும், பிரபு!"

என்ன பொடி? அடுப்புக்கரியும் செங்கல்தூளும். பட்டுப்பையில் போட்டுக் கொடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

ராஜா தேய்த்தார். ராஜா தேய்த்தபிறகு மந்திரி சும்மா இருப்பாரா? அவரும் தேய்த்தார். அந்தப்புரம் முழுக்கத் தேய்த்தது. எலுமிச்சம்பழம் கிடைக்காமல் ஊறுகாய் போடுகிறவர்கள் அழுதார்கள். மூன்றாம் நாளே பல் பளபளத்தது. ஐந்தாம் நாள் தளபதி ஒரு வாய் மோர் குடித்தார். ஈட்டி குத்தியபோதுகூடப் போடாத சத்தம் போட்டார்.

"கூசுகிறதா? நல்லது. அழுக்கு வெளியேறுகிறது" என்றார் வச்சிரதந்தர்.

ஒருவன் மட்டும் பொடியைத் தொடவில்லை. அவன் பெயர் உலகளந்தான். பெயர்தான் அப்படி, ஆள் ராஜாவின் இடுப்புக்குத்தான் வருவான். ராஜாவையே கிண்டல் பேசச் சபையில் உரிமை பெற்றவன் அவன் ஒருவனே. அவன் சீடை கடிக்கிற சத்தத்தில் கோபுரத்துப் புறா பறக்கும்.

"பிரபு, இவன் உங்கள் பல்லைப் பார்த்துச் சிரிக்கிறான்" என்று வைத்தியர் கோள் மூட்டினார்.

"அடேய் உலகளந்தான்! நீ ஏன் தேய்க்கவில்லை?"

"பல் வெள்ளையாக இருந்தால் போதுமா மகாராஜா? அடுத்த வருஷமும் இருக்க வேண்டாமா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "நாளைக்கு என் கையாலேயே உனக்குத் தேய்த்துவிடுகிறேன்! வைத்தியரே, தேய்த்து முடித்தபின் என்ன?"

"அரம், பிரபு. கல்யாணத்துக்கு முந்தின நாள் உங்கள் முன்பல் நான்கையும் ராவி ஒரே மட்டமாக்கிவிடுவேன்."

"இவனுக்கும் சேர்த்து ராவிவிடும்!"

உலகளந்தான் கணக்குப் போட்டுப் பார்த்தான். தன் பல்லும் போகும், ராஜாவின் பல்லும் போகும். கல்யாணத்துக்கோ இன்னும் பன்னிரண்டே நாள். சாஷ்டாங்கமாக விழுந்தான்.

"உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். பெண் வீட்டார் வந்ததும் என் பல்லையா பார்ப்பார்கள்? தந்தச் சிம்மாசனத்தைத்தான் பார்ப்பார்கள். அது மஞ்சளேறிக் கிடக்கிறது. தந்தம் என்பது யானையின் பல்தானே? வைத்தியர் பொடி அதில் வேலை செய்யுமா?"

வைத்தியர் நெஞ்சை நிமிர்த்தினார். "எலிப் பல்லானாலும் சரி, யானைப் பல்லானாலும் சரி. என் பொடிக்கு எல்லாம் ஒன்றுதான்!"

"அப்படியானால் பத்து நாள் அவரே தன் கையால் தேய்க்கட்டும். அதுவரை யாரும் பொடியைத் தொட வேண்டாம், சிம்மாசனத்துக்குப் பற்றாமல் போய்விடும். பதினோராம் நாள் என் வாயை நானே திறந்து காட்டுகிறேன்."

ராஜா சம்மதித்தார்.

அந்தச் சிம்மாசனத்தின் முதுகில் ராஜாவின் தாத்தா அடலேறுராயன் முகம் செதுக்கியிருக்கும். இழை இழையாக மீசை. மாவிலங்கூரில் வழக்குக்கு வருகிறவன் அந்த மீசையைத் தொட்டுத்தான் சத்தியம் செய்ய வேண்டும். அந்த மீசையைக் கண்டு எதிரிப் படை ஒன்று பாதி வழியிலேயே திரும்பிப் போயிற்றாம். பாதி வழியில் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அவ்வளவு பெரிய மீசை.

வைத்தியர் திரை போட்டுக்கொண்டு தேய்த்தார். ஏழாம் நாள் மூட்டை கட்டப் பார்த்தார். வாசலில் நாலு ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். "உங்களுக்குத் துணைக்கு" என்றான் உலகளந்தான்.

பதினோராம் நாள் திரை விலகியது. சிம்மாசனம் பால் மாதிரி வெளுத்திருந்தது. சபை "ஆகா!" என்றது. ராஜா சிம்மாசனத்தின் முதுகைப் பார்த்தார். தாத்தாவுக்கு மீசை இல்லை. மூக்கும் இல்லை. உரித்த முட்டை மாதிரி இருந்தார்.

"என் தாத்தாவைச் சிரைத்தது யாரடா?"

வைத்தியருக்கு நாக்குக் குழறியது. "அ... அழுக்கு வெளியேறியிருக்கிறது, பிரபு."

"என் தாத்தா மீசையா அழுக்கு?"

உலகளந்தான் முன்னால் வந்தான்.

"மகாராஜா, இது மரத்தைக் குத்திச் சாய்த்த பல். இதுவே பத்து நாளில் இந்தக் கதிக்கு வந்துவிட்டது. உங்களுடையது வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற பல். அதன் மேல்பூச்சு தேய்ந்தால் மறுபடி முளைக்காது."

ராஜா நாக்கால் பல்லை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மந்திரியும் தடவினார். தளபதி இரண்டு தடவை தடவினார்.

"வைத்தியரே, உம்முடைய பல் மட்டும் எப்படி இப்படி இருக்கிறது? இதே பொடிதானே?"

"இதே... இதேதான், பிரபு."

"அப்படியானால் இங்கேயே தேய்த்துக் காட்டும். யாரங்கே! எலுமிச்சம்பழம் கொண்டு வா! அரத்தையும் கொண்டு வா!"

வச்சிரதந்தர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தடாலென்று விழுந்தார். விரலிடுக்கு வழியாகக் குரல் வந்தது: "பிரபு! யானைக் காலில் போடுங்கள், கழுவில் ஏற்றுங்கள். பல்லை மட்டும் விட்டுவிடுங்கள்! பிறந்ததிலிருந்து நான் வேப்பங்குச்சி தவிர எதையும் வாயில் வைத்ததில்லை!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைத்தியரை எல்லை தாண்டும்வரை ஈட்டிக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். அரம் கொல்லன் பட்டறைக்கே திரும்பியது.

"உலகளந்தான், என் பல்லைக் காப்பாற்றினாய். என்ன வேண்டும், கேள். பொன்னா? நிலமா?"

"அதெல்லாம் எதற்கு மகாராஜா? அந்த மிச்சப் பொடி மூட்டையைக் கொடுங்கள். வீட்டில் பித்தளை அண்டா நாலு கறுத்துக் கிடக்கிறது. பொடி நல்ல பொடிதான்!"