தொடாமல் தேர்ந்தெடுத்த பை

கூகைமலை ஏற வருபவர்களுக்கு வழிகாட்டுபவள் பொம்மி. ஒருநாள் பாதி ஏற்றத்தில் அவளுடைய பை வாரறுந்து பள்ளத்தில் விழுந்தது. ஐந்து பேருக்கான தண்ணீரும் அதோடு போயிற்று.

மறுநாள் மலைமேல் இருந்த முகாமில் முதலாளி மரியசூசை மேசைமேல் மூன்று புதுப் பைகளைக் காட்டினார். "ஒண்ணை எடுத்துக்க. இந்த சீசன் முடியறதுக்குள்ள அதுவும் அறுந்தா, உனக்கு இங்கே வேலை இல்ல."

பொம்மி கை நீட்டினாள். பைகளைக் கொண்டுவந்த வியாபாரி துரைக்கண்ணு தடுத்தார். "தொடாதம்மா, அழுக்காகும். மூணும் நம்ம சரக்கு, இரும்பு மாதிரி!"

"பார்த்தே சொல்லு" என்றார் முதலாளி.

தையலைப் புரட்டிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? பொம்மி வியாபாரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அடிவாரத்திலிருந்து நடந்தா வந்தீங்க?"

"பின்னே? மூணு மணி நேரம்!"

"அப்படின்னா உங்க முதுகுல இருக்கிற பைதான் எனக்கு வேணும்."

வியாபாரி பதறி வாரைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, இது விக்கிறதுக்கில்ல! பத்து வருஷமா ஒரு நூல் பிரியல. இதை நம்பித்தான் மலையே ஏறுறேன்."

"மூணு புதுசு இருக்கும்போது பழசையா மாட்டிக்கிட்டு வந்தீங்க?"

மரியசூசை எழுந்து அந்தப் பழைய பையின் வாரைப் புரட்டினார். கட்டம் போட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தித் தைத்திருந்தது. புதுப் பையைப் புரட்டினார். ஒற்றைத் தையல்.

மூன்றையும் வியாபாரி பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போங்க. இனிமே இங்கே பை வாங்குறது பொம்மிதான். உங்க பையைத் தைச்சவர் யாருன்னு அவகிட்ட சொல்லிட்டுப் போங்க."