துண்டுக்குள் கை

அந்தக் காலத்தில், ஆடும் மாடும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பாறைப்பாளையம் என்ற சிற்றூரில் நாச்சாத்தாள் மட்டும் வாயைத் திறக்கவே பயந்துகொண்டிருந்தாள். மறுபடியும் தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஓர் ஓநாய் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மனித உருவில் அந்த ஊர் ஆட்டுச் சந்தைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. வியாபாரிபோல விலை பேசும். "என் பட்டிவரைக்கும் ஓட்டிவர ஓர் ஆளை அனுப்புங்க" என்று பணிவாகக் கேட்கும். போன ஆளும் திரும்பாது, ஆடும் திரும்பாது. அது யார் உருவில் நிற்கிறது என்று தெரியாமல் அண்ணன் தம்பிகளே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

போன சந்தையில் நாச்சாத்தாள்தான், "அந்தச் சட்டி விக்கிற வேலப்பன் கண்ணு மஞ்சளா இருக்குது பாருங்க" என்று கிளப்பிவிட்டாள். ஊரே சேர்ந்து அவனை அடித்து விரட்டியது. அவனுக்கு மஞ்சள்காமாலை என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கும் ஆடு ஓட்டிப்போன ஒருவன் வீடு திரும்பவில்லை.

இந்தச் சந்தையில் அவளுடைய ஆறு ஆடுகளையும் ஒருவன் கேட்டான். வெளுத்த வேட்டி, ஒழுங்கான பல், இனிப்பான பேச்சு.

"உங்க பொண்ணையே ஓட்டிவரச் சொல்லுங்க அம்மிணி. பொழுது சாயறதுக்குள்ள திரும்பிரும்."

மகள் பாவாத்தாள் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். நாச்சாத்தாள் வந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் கண்ணைப் பார்த்தாள், வெள்ளை. கையைப் பார்த்தாள், மோதிரம் போட்ட நல்ல கை.

"ஏ புள்ள, போன வாரம் மாதிரி எதையாச்சும் உளறிட்டு நிக்காதே" என்றான் அண்ணன் ராக்கியப்பன்.

வந்தவன் ஆடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். ஐந்து ஆடுகள் அசைபோட்டபடி நின்றன. ஆறாவது, கண் தெரியாத கிழ ஆடு. அது துள்ளி விழுந்தது.

"கையை வைக்காம எவன்டா என்மேல காலை வைக்கிறது?"

சந்தையே சிரித்தது. "குருட்டு ஆட்டுக்குக் கையும் ஒண்ணு, காலும் ஒண்ணு!" என்றான் ராக்கியப்பன்.

நாச்சாத்தாள் சிரிக்கவில்லை. கண் இருக்கிற ஐந்துக்கும் தெரியாதது கண் இல்லாத ஒன்றுக்கு எப்படித் தெரிந்தது? அப்படியானால் இவன் போட்டிருக்கும் வேஷம் கண்ணுக்கு மட்டும்தானா? கத்தலாம். தப்பாகிவிட்டால் இன்னொருவன் எலும்பு முறியும். கத்தாவிட்டால் மகள் போய்விடுவாள்.

சட்டென்று அண்ணன் தோளில் கிடந்த துண்டை உருவினாள்.

"நாலு பேர் காதுல விழற மாதிரி விலை பேச எனக்குக் கூச்சமா இருக்குதுங்க. துண்டுக்குள்ள கையைக் குடுங்க, விரலைத் தொட்டுச் சொல்லிக்கலாம்."

"மூடிக்கிட்டு எதுக்குங்க?"

"கண்ணு பட்டுருமுங்க."

அத்தனை பேர் பார்க்கும்போது அவனால் மறுக்க முடியவில்லை. அவள் துண்டைப் போர்த்தி உள்ளே கையை விட்டாள். விரல் அகப்படவில்லை. காய்த்துப்போன சதைத் திட்டுகள். இடையிடையே மயிர். மழுங்கிய நகம்.

அவள் தன் கையை உருவிக்கொண்டு, "அண்ணா, நீயும் உள்ள கையை விட்டுப் பாரு" என்றாள்.

விட்டவன் முகம் சாம்பலாய்ப் போனது. "ஐயோ, ஓநாய்!" என்று அவன் அலறினான். அது துண்டைக் கிழித்துக்கொண்டு, நாலு காலில் முள்வேலியைத் தாண்டிப் பாறைக்கு ஓடியது.

கொஞ்ச நேரம் கழித்து, அதைத் துரத்திப் போய்த் திரும்பிய ராக்கியப்பன், "பொண்ணை நான் வீட்டுக்குக் கூட்டிப்போறேன்" என்று பாவாத்தாளின் கையைப் பிடிக்கப் போனான். நாச்சாத்தாள் குறுக்கே நின்றாள். கிழிந்த துண்டை நீட்டினாள்.

"நீயும் கையைக் குடு."

"நான் உன் கூடப் பொறந்தவன்டி!"

"தெரியுது. குடு."

அவனுடைய ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்த பிறகுதான் வழிவிட்டாள். விலையை மறைக்கத்தான் துண்டு என்று சந்தையில் இப்போது சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆடு மாடு வாங்க யார் வந்தாலும், சொந்த மாமன் மச்சானே ஆனாலும், துண்டுக்குள் கையைக் கொடுத்தால்தான் பேச்சு என்று ஆனது அன்று முதல்தான்.