காத்தாயிக்குச் சொல்ல வேண்டிய பதில்

ஒரு காட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், மற்ற மிருகங்களுக்கு அன்று வேறு வேலையே இருக்காது. ஆளுக்கொரு பழத்தை எடுத்துக்கொண்டு நலம் விசாரிக்கக் கிளம்பிவிடும். வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை. போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் மரியாதை இல்லை. தன் சொந்தத்தில் யாருக்கு இதே நோய் வந்தது, அவர் என்ன பாடு பட்டார் என்பதை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

அந்தக் காட்டில் பூமாலை என்று ஒரு கரடி இருந்தது. தேன் என்றால் அதற்கு உயிர். ஒரு நாள் உச்சிக்கிளைத் தேனடைக்கு ஆசைப்பட்டு ஏறி, தேனடையோடு சேர்ந்து கீழே வந்துவிட்டது. இடுப்பெலும்பில் விரிசல்.

வைத்தியம் பார்த்த நாரை சில காலம் படுக்கவைத்தது. பிறகு ஒரு நாள் வந்து தொட்டுப் பார்த்து, எலும்பு கூடிவிட்டது, ஆனால் வலி உடனே போகாது, போகாமலே கூட இருக்கலாம், அதற்காகப் படுத்துவிடாமல் தினமும் கொஞ்சம் நட, எலும்புக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது. நாரை பழம் எதுவும் கொண்டுவரவில்லை. அதனால் அது சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மற்றவர்கள் கொண்டுவந்தார்கள். மான் நெல்லிக்கனியோடு வந்து, அசையவே கூடாது என்றது. குரங்கு பலாச்சுளையோடு வந்து, இடது பக்கம் மட்டும் திரும்பிப் படுக்கச் சொன்னது. மயில் அத்திப்பழத்தை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பாவுக்கும் இதே இடுப்புதான். நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தார். அடுத்த மழைக்கு அவர் இல்லை."

இவ்வளவு பேர் வந்துபோகும் இடத்தில் ஒழுங்குபடுத்த ஓர் ஆள் வேண்டாமா? யாரும் கூப்பிடாமலே அந்த வேலையை ஏற்றுக்கொண்டது குணசீலன் என்ற நரி. குகை வாசலிலேயே உட்கார்ந்து, வருகிறவர்களை வரிசையில் விட்டது. பழங்களைத் தானே வாங்கி வைத்தது. வலியில் கிடப்பவருக்குப் பசி எடுக்காது என்பது நரியின் கருத்து. ஆகவே பழங்கள் வீணாகாமல் பார்த்துக்கொண்டதும் அதுதான்.

பூமாலை எழுந்து நடந்து பார்க்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் நரி பதறிப்போகும்.

"என்னண்ணே அவசரம்? முதல்ல வலி நிக்கட்டும். அப்புறம் ஆசை தீர நடக்கலாம்."

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! பூமாலையும் வலி நிற்கட்டும் என்று படுத்திருந்தது. வலி நிற்கவில்லை. கால்கள்தான் நிற்க மறந்துகொண்டிருந்தன.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கோடை முற்றினால் அந்தக் காட்டுச் சுனை வற்றிவிடும். எல்லா மிருகங்களும் மலையைத் தாண்டி ஆற்று மடுவுக்குப் போயாக வேண்டும். போக முடியாதவர்களுக்குத் தண்ணீர் கிடையாது. அவர்களை நலம் விசாரிக்கவும் அப்போது யாரும் காட்டில் இருக்க மாட்டார்கள். இதை நினைத்தபோது பூமாலைக்குப் பயமாக இருந்தது. படுத்த இடத்திலேயே அழுதது.

ஒரு நாள் காலையில் பயம் திடீரென்று வீரமாக மாறியது. "இன்னிக்கு மலை உச்சி வரைக்கும் போய்ட்டுத்தான் மறுவேலை" என்று பூமாலை கிளம்பிவிட்டது. பாதி மலை ஏறியதும் வீரம் இறங்கிப்போனது, இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊர்ந்து, உருண்டு, குகைக்கு வந்து விழுந்த கரடியால் அதன்பிறகு பல நாள் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. சொன்னேனா இல்லையா என்று நரி ஒரு மாதுளையை உரித்துக்கொண்டே கேட்டது. இனி நடை என்ற பேச்சையே எடுப்பதில்லை என்று பூமாலை முடிவு செய்தது.

அந்தக் குகை வழியாகத் தினமும் ஒரு முள்ளம்பன்றி போகும். பெயர் காத்தாயி. எப்போதோ கண்ணியில் மாட்டிய அதன் முன்னங்கால் இன்னும் நேராகவில்லை. நொண்டிக்கொண்டே, வழியெல்லாம் யாரையாவது திட்டிக்கொண்டே போகும். நாரையை விட்டால் அந்தக் காட்டில் பழம் இல்லாமல் நடமாடிய ஒரே வாய் அதுதான்.

பூமாலை படுத்தபடியே ஒரு நாள் அதைக் கூப்பிட்டது.

"காத்தாயி, உன் கால் சரியாயிடுச்சா?"

"எங்க சரியாச்சு? காலையில தரையில ஊன்றப்போ உயிர் போயி உயிர் வருது."

"அப்புறம் ஏன் நடக்குற?"

"வீட்டுல கிடந்தாலும் வலிக்கத்தான் செய்யுது. அங்க பேச்சுத்துணைக்கு அது ஒண்ணுதான் இருக்கு. வெளிய வந்தா நாலு பேரைத் திட்டலாம்."

இப்படிச் சொல்லிவிட்டுக் காத்தாயி குகைக்குள் எட்டிப் பார்த்தது. அதற்கும் ஒரு கவலை உண்டு. பூமாலை கறையானுக்காகப் புற்றைத் தோண்டும்போதெல்லாம் மண்ணோடு கிழங்கும் வெளியே வரும். நொண்டிக் காலால் தோண்ட முடியாத காத்தாயி அதைத் தின்றுதான் பிழைத்தது. கரடி படுத்ததிலிருந்து அதற்கு மரப்பட்டைதான் சாப்பாடு. ஆகவே காத்தாயி பெரிய புண்ணியவதி என்று நினைத்துவிடாதீர்கள்.

காத்தாயி கொஞ்சம் யோசித்தது. பிறகு நிதானமாகச் சொன்னது:

"இத்தனை நாளா இந்தக் குகையில ஒரு கரடி இருக்குன்னு நம்பிட்டேன். பாறாங்கல்லுக்கு மயிர் முளைச்சிருக்குன்னு இப்பத்தான் தெரியுது."

சொன்ன வேகத்தில் நடையைக் கட்டிவிட்டது.

பூமாலைக்கு ரத்தம் கொதித்தது. நோயாளியைப் பார்த்து இப்படியா பேசுவது? இதற்குப் பதில் சொல்லாமல் விடுவதா? நரி தடுக்கத் தடுக்க, சுவரைப் பிடித்து எழுந்து, வாசலுக்கு வந்து, முனகிக்கொண்டே பக்கத்துப் புதர் வரைக்கும் போய்விட்டது. அங்கே காத்தாயி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"நான் கல்லுன்னா நீ யாரு? நடக்கத் தெரியாத துடைப்பக்கட்டை!" என்று மூச்சு வாங்கச் சொன்னது பூமாலை.

"பரவாயில்லையே. இதுக்குப் பதில் என்கிட்ட இருக்கு. நாளைக்கு இதே புதர்கிட்ட வா, சொல்றேன்."

அன்று இரவெல்லாம் பூமாலை, காத்தாயி என்ன சொல்லும், அதற்குத் தான் என்ன சொல்வது என்று யோசித்தபடி தூங்கிப்போனது. காலையில் வலி வழக்கம்போல எழுப்பியது. ஆனால் சொல்ல வேண்டிய பதிலும் கூடவே எழுந்தது. இன்று ஒரு நாள் விட்டுவிடலாமே என்று நரி கெஞ்சியது. விட்டால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கரடி கிளம்பியது.

இப்படியே சண்டை வளர்ந்தது. புதரடியில் தொடங்கிய சண்டை நாவல் மரத்தடிக்கு மாறியது, அங்கிருந்து ஓடைக்கரைக்குப் போனது. இதற்குத் தேகப் பயிற்சி என்று யாராவது பெயர் சொல்லியிருந்தால் பூமாலை அன்றைக்கே நிறுத்தியிருக்கும். அது தன் மானத்துக்காக அல்லவா போய்வந்தது!

மழை மூட்டமாக இருந்த ஒரு நாள் வலி அதிகமாகி, கரடியால் எழுந்திருக்க முடியவில்லை. நரிக்கு முகம் மலர்ந்தது. காத்தாயியே நொண்டி நொண்டி வாசலுக்கு வந்தது.

"முடியாத நாள்ல வாசல் வரைக்கும் வந்து திட்டு, போதும். ஒரேயடியா வராம மட்டும் இருந்துடாத."

பூமாலை தவழ்ந்து வாசலுக்கு வந்து, இரண்டே வார்த்தை திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தது. இன்னொரு நாள் உடம்பு லேசாக இருந்தது. அன்று சண்டையை மலை உச்சியில் வைத்துக்கொள்ளலாம் என்று கரடி துள்ளியது. காத்தாயி ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குத் தனக்கு வாய் வலிக்கிறது என்று சொல்லி ஓடைக்கரையிலேயே பேச்சை முடித்துக்கொண்டது. எதிராளி இல்லாமல் எப்படிச் சண்டை போடுவது? கரடியும் முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பியது. போகிற வழியில் சும்மா போகாமல் ஒரு புற்றையும் தோண்டியது. காத்தாயி பின்னால் வந்து கிழங்கு தின்றது.

நோயாளி நடமாடத் தொடங்கியதால் காட்டில் எல்லோருக்கும் மனக்குறை. உடம்பு கெட்டுப்போகும் என்றார்கள். அந்த முள்ளுக்காரி பாவம் பார்க்காமல் அலைக்கழிக்கிறாள் என்றார்கள். பழங்கள் குறைந்தன. ஆனால் வாசலில் உட்கார்ந்து தின்றே பழகிய குணசீலன் அதற்குள் ஊதிப்போயிருந்தது. எழுந்தால் மூட்டு வலித்தது. அதனால் அது எழுந்திருக்கவில்லை. பூமாலையின் இலைப்படுக்கை பகலெல்லாம் காலியாகத்தானே கிடந்தது?

கோடை வந்தது. சுனை வற்றியது. கூட்டம் விடியற்காலையிலேயே மலைப்பாதையில் நகர்ந்துவிட்டது. கடைசியாகக் குகை வாசலிலிருந்து கிளம்பியவை பூமாலையும் காத்தாயியும். பூமாலைக்கு இடுப்பு வலித்துக்கொண்டுதான் இருந்தது. அதைச் சொன்னால் காத்தாயி தன் காலைப் பற்றிச் சொல்லும் என்பதால் அது வாயைத் திறக்கவில்லை.

படுக்கையிலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"நீங்க போங்கண்ணே. மூட்டெல்லாம் ஒரே வலி. வலி நின்னதும் நான் வர்றேன்."

பூமாலை திரும்பிப் பார்த்தது. நரி கண்ணை மூடிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. பழம் ஏதாவது வருமா என்ற பழக்கம். கரடிக்கு மனசு தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிவிடலாம் போல இருந்தது. காத்தாயியைப் பார்த்தது. காத்தாயி வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

பூமாலை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"குணசீலா, உன்னை நரின்னு நெனச்சு இத்தனை நாள் வீட்டுல வச்சிருந்தேன். பழக்கூடைக்கு வால் முளைச்சதுன்னு தெரியாமப் போச்சு."

சொல்லிவிட்டு நடந்தது.

பின்னால் இலைகள் சரசரத்தன. "என்ன சொன்னே?" என்றது ஒரு குரல். அதில் முன்பிருந்த மெலிவு இல்லை. முதல் திருப்பத்தில் இருந்த பாறை நிழலில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நரி மூச்சிரைக்க, முனகிக்கொண்டு வந்து சேர்ந்தது. வரும்போதே அதன் வாயில் பதில் தயாராக இருந்தது.

"இங்க வேண்டாம் தம்பி" என்று எழுந்தது பூமாலை. "அதோ அந்த வேங்கை மரத்தடிக்கு வந்து சொல்லு."

நீதி: வலி போன பிறகு நடக்கலாம் என்று காத்திருக்காதே, அதையும் கூட்டிக்கொண்டு முடிந்த தூரம் நட.