முத்தாலுவின் அலகில் ஒட்டிய பிசின்

ஒரு முந்திரிக் காட்டில் பெரிய மண்மேடு ஒன்று இருந்தது. அதற்குள் தாண்டவன் என்ற பெருச்சாளி, மனைவி பச்சையம்மாவோடும் குட்டிகளோடும் குடியிருந்தான். பக்கத்து அறையில் அஞ்சலை என்ற முயல் தன் குட்டிகளோடு இருந்தாள். ரெண்டு குடும்பத்துக்கும் வளை பொது. வாசலும் ஒன்றுதான்.

போன கோடையில் அடுத்த காட்டில் சருகு பற்றிக்கொண்டது. அங்கே வளைக்குள் இருந்த எலிகள் தூக்கத்திலேயே செத்துப்போயின. நெருப்பு அவற்றைத் தொடவே இல்லை. புகையிலேயே போய்விட்டன. அந்தச் சேதி வந்ததிலிருந்து பச்சையம்மாவுக்குப் படுத்தால் தூக்கம் வரவில்லை.

"தூங்கும்போது மூக்கும் சேர்ந்து தூங்கிடுதுய்யா. நம்மளை எழுப்பிவிட ஒருத்தர் வேணும்" என்று புருஷனை அரித்து எடுத்துவிட்டாள்.

அப்படித்தான் முத்தாலு வேலைக்கு வந்தாள். அவள் ஓர் ஆள்காட்டிக் குருவி. ஆள்காட்டி மரத்தில் உட்காராது. தரையிலேயே நீளக் காலை ஊன்றி நின்றுகொண்டிருக்கும். ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் போதும், "டிட்டிட்டீ, டிட்டிட்டீ" என்று கத்திக் காட்டையே கூட்டிவிடும். புகை வந்தால் கத்த வேண்டும், அதுதான் முத்தாலுவின் வேலை. கூலி, தினமும் வயிறு நிறையக் கறையான்.

அவளை எங்கே நிறுத்துவது என்பதில்தான் முதல் பேச்சு வந்தது.

"படுக்கிற அறைப் பக்கமா, நடைவழியில நிக்கட்டும்ணே. அப்பத்தான் சத்தம் நம்ம காதுல விழும்" என்றாள் அஞ்சலை.

அதற்கு நடைவழியைக் கொஞ்சம் அகலமாகத் தோண்ட வேண்டும். தோண்ட வேண்டியவன் தாண்டவன். அவன் கெட்டவன் இல்லை, பாவம். ஆனால் உடம்பு வளையாது. ரோஷம் வேறு ஜாஸ்தி. இந்த ரெண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் கூட இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

"எதுக்கு வீண் வேலை? வாசல்ல என் அடுப்புக்குப் பக்கத்துல ஒரு கல்லு கிடக்குது பாரு, அதும்மேல நிக்கட்டும். நெருப்பு இருக்கிற இடத்துலதானே காவலும் இருக்கணும்?" என்றான்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

தாண்டவனுக்கு முந்திரிக்கொட்டை வறுப்பது என்றால் உயிர். மழைக்காலத்துக்குப் பருப்பு சேர்க்க வேண்டும் அல்லவா? முந்திரிக்கொட்டை வறுப்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோட்டில் இருக்கும் எண்ணெய் சீறிக்கொண்டு எரியும். புகை கறுப்பாகக் கிளம்பி மூஞ்சியில் அடிக்கும். அவன் அடுப்பில் கொட்டையைப் போட்டதுதான் தாமதம், கல்லின் மேல் நின்ற முத்தாலு கத்தினாள். உள்ளே இருந்தவர்கள் குட்டிகளை வாரிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால், அங்கே தாண்டவன் கரண்டியும் கையுமாக அசடு வழிய நின்றான்.

மறுநாளும் இதே கூத்து. அதற்கு மறுநாளும் இதே. அஞ்சலையின் குட்டிகள் பெருச்சாளி மாமாவைப் பார்த்தாலே "டிட்டிட்டீ" என்று கேலி செய்ய ஆரம்பித்துவிட்டன. தாண்டவனுக்கு மானம் போயிற்று.

"ஏம்மா முத்தாலு, அடுப்புப் புகைக்கும் ஆபத்துப் புகைக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தான்.

"புகை வந்தா கத்துவேன். அது நல்ல புகையா கெட்ட புகையான்னு பார்த்துக் கத்த எனக்குத் தெரியாது. அடுப்பைத் தள்ளிப் போடு, இல்லாட்டி என்னைத் தள்ளி நிறுத்து" என்றாள் முத்தாலு.

ரெண்டில் எதைச் செய்தாலும் குனிந்து நிமிர வேண்டுமே! தாண்டவன் வேறு வழி பார்த்தான். முந்திரி மரத்தில் வடிந்திருந்த பிசினை ஒரு உருண்டை சுரண்டிக்கொண்டு வந்தான்.

"இன்னிக்குக் கொட்டை நிறைய இருக்குது தாயி. வறுத்து முடிக்கிறவரைக்கும் இதை உன் அலகுல ஒட்டிவிடறேன். குழந்தைங்க பகல்ல செத்த நேரம் நிம்மதியாத் தூங்கட்டும்."

"வேலை முடிஞ்சதும் எடுத்துவிடுவியா?"

"எடுக்காம எங்கே போகப் போறேன்?"

முத்தாலுவுக்கு மனசே இல்லை. ஆனாலும் தினமும் தன்னால் குழந்தைகள் தூக்கம் கெடுகிறதே என்று அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அலகை நீட்டினாள். தாண்டவன் பிசினை அப்பினான். சித்திரை வெயிலில் அது காய்ந்து கல்லாகப் போயிற்று.

அன்றைக்கு வறுவல் வெகு ஜோராக நடந்தது. சத்தமில்லை, ஓட்டமில்லை, கேலியில்லை. நடுவில் அஞ்சலை ஒரு தடவை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். முத்தாலு வழக்கம்போலக் கல்லின் மேல் நிற்பதைப் பார்த்துவிட்டு, நிம்மதியாக உள்ளே போய்க் குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்தாள். பச்சையம்மாவும் அப்படியே.

வறுத்து முடித்துப் பருப்பைப் பிரித்து மேட்டுக்குப் பின்னால் ஆறப் போட்ட தாண்டவன், சூடு ஆறாத தோட்டையெல்லாம் அதற்குப் பக்கத்திலேயே விசிறியடித்தான். அங்கே முழங்கால் உயரத்துக்குச் சருகு. தோட்டு எண்ணெய் பட்டு அவன் கையெல்லாம் எரிந்தது. சேறு பூசினால்தான் அடங்கும் என்று குளத்தைப் பார்க்க ஓடினான். பிசின் நினைப்பு அவனுக்குத் துளியும் இல்லை.

குளத்தங்கரைச் சேற்றில் கையைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் உடம்பு குளிர்ந்தது. தாண்டவன் தலையைத் திருப்பி வீட்டுப் பக்கம் பார்த்தான். மரங்களுக்கு மேலே புகை தெரிந்தது.

"நம்ம அடுப்புதான்" என்று சொல்லிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் புகை தடித்தது. தாண்டவன் எழப் பார்த்தான். அப்புறம் அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான். 'விபரீதமா ஏதாவது இருந்தா முத்தாலு இந்நேரம் கத்தியிருப்பாளே. அவ சத்தமே காணோம். அப்போ ஒண்ணுமில்லை.'

சேற்றில் இன்னும் கொஞ்சம் சௌகரியமாகச் சாய்ந்தான். சாய்ந்தவன் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். அவள் ஏன் கத்தவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு அவன் அப்படி ஓடியதை அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை. ஈரலே அறுந்து விழுகிற மாதிரி இருந்தது. பச்சையம்மா உள்ளே இருக்கிறாள். குட்டிகள் உள்ளே இருக்கின்றன. கடைக்குட்டி சுண்டு நேற்றுத்தான் தட்டுத் தடுமாறி நடக்கப் பழகியிருந்தது. "ஐயோ, என் கையாலேயே செஞ்சிட்டேனே" என்று புலம்பிக்கொண்டே ஓடினான்.

மேட்டுக்குப் பின்னால் சருகு எரிந்துகொண்டிருந்தது. காற்று புகையை அப்படியே வளை வாசலுக்குள் திணித்தது. முத்தாலு பைத்தியம் பிடித்தவள்போல வாசலுக்குள் ஓடுவதும், மூச்சு முட்டி வெளியே வருவதுமாக இருந்தாள். அலகைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து நுனி உடைந்து ரத்தம் வந்திருந்தது. பிசின் மட்டும் விடவில்லை.

"பச்சையம்மா! அஞ்சலை!" என்று தாண்டவன் கத்தினான். அவன் குரல் கீச்சுக் குரல். வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

சட்டென்று முத்தாலுவின் கழுத்தைப் பிடித்து இழுத்து, அலகில் இருந்த பிசினைப் பல்லால் கறண்டினான். முன்பல் ஒன்று தெறித்து விழுந்தது. அவன் நிறுத்தவில்லை. உள்ளே போகிற ஒவ்வொரு மூச்சுப் புகையும் குட்டிகளுக்குள் போகிறது என்பதுதான் அவன் மண்டையில் ஓடியது. கடைசியில் பிசின் பிளந்தது.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

அந்தச் சத்தம் வளையின் அடி வரைக்கும் இறங்கியது. முதலில் அஞ்சலை தன் குட்டிகளோடு இருமிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே பச்சையம்மா, வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு, மற்றதுகளை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். வெளியே வந்து பார்த்தால் சுண்டுவைக் காணவில்லை.

பச்சையம்மா திரும்பி உள்ளே பாயப் போனாள். புகையில் வாசலே தெரியவில்லை. "நிறுத்தாதே முத்தாலு, கத்து தாயி, கத்திக்கிட்டே இரு" என்று தாண்டவன் அழுதான். முத்தாலு வாசலில் தலையை நுழைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். கண் தெரியாத இருட்டில் அந்தச் சத்தம் வந்த திக்கைப் பிடித்துக்கொண்டு, உருண்டு புரண்டு, மீசையெல்லாம் கருகி, சுண்டு வெளியே வந்து விழுந்தது. உயிர் இருந்தது.

தீ சருகைத் தின்றுவிட்டு, மேட்டுக்கு மேலே வளர்ந்திருந்த பச்சைக் கொடிகளைத் தாண்ட முடியாமல் அவிந்தது. தாண்டவன் சேர்த்த பருப்பு முழுக்கக் கரியாகிவிட்டது. அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முத்தாலு, நீ கல்லு மேல நிக்கிறதைப் பார்த்துட்டுத்தானே நான் போய்ப் படுத்தேன்? ஏன் முதல்லயே கத்தலை?" என்றாள் அஞ்சலை.

முத்தாலு தாண்டவனைப் பார்த்தாள்.

"அவ வாயை நான்தான் அடைச்சேன்" என்றான் தாண்டவன். "வறுத்து முடிச்சதும் எடுக்கறேன்னு சொன்னேன். மறந்துட்டேன். அவ கத்தலையேன்னு நம்பிக் குளத்துல சொகமா உட்கார்ந்திருந்தவனும் நான்தான்."

பச்சையம்மா சுண்டுவை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நல்லா இருய்யா" என்றாள். அந்த ரெண்டு வார்த்தைக்குப் பதிலாக அவள் நாலு அறை அறைந்திருக்கலாம் என்று தாண்டவனுக்குத் தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் அவன் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தான். யாரும் சொல்லவில்லை. நடைவழியை அகலமாக்கி, படுக்கிற அறைகளுக்கு எதிரில் முத்தாலுவுக்கு ஓர் இடம் செய்தான். அடுப்பைக் குளத்தங்கரைக்குக் கொண்டுபோனான். கறையான் கொடுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். வாரம் ஒரு முறை அவள் எதிரே போய் நின்று, "எங்கே தாயி, ஒரு தடவை கத்து, கேக்கறேன்" என்பான்.

"சும்மா இருக்கிற நாள்லயும் எதுக்குண்ணே இந்தச் சத்தம்? காது போகுது" என்பாள் அஞ்சலை.

"போகட்டும்" என்பான் தாண்டவன்.

மீசை கருகிய சுண்டு மட்டும் இன்னொரு முறை கத்தச் சொல்லி, அதைக் கேட்ட பிறகுதான் அப்பா வயிற்றில் முகம் புதைத்துத் தூங்கும்.

ஆபத்தைச் சொல்லும் குரல் எவ்வளவு தொல்லையாக இருந்தாலும் அதன் வாயை அடைக்காதீர்கள். வாயடைத்த காவலை நம்பித் தூங்குவது, காவலே இல்லாமல் விழித்திருப்பதைவிடப் பெரிய ஆபத்து.