தேசப்பனின் சோலோ

"இன்னா மிஸ் இது? எனக்கு ஏன் கடைசி எடம்?"

தேசப்பன் இப்படிக் கேட்டபோது, நொரீன் மிஸ் பியானோவுக்கு அடியில் காலால் துழாவிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கடைசி எடத்துல என்ன கொறை?"

"அதுக்குள்ள பாதிப் பேரு வண்டி எடுக்கப் போய்டுவான். மீதிப் பேரு செல்போன நோண்டுவான்."

"சரி, யாருக்கு அடுத்து வாசிக்கணும் உங்களுக்கு?"

"யாருக்கு அடுத்து இருந்தா இன்னா மிஸ்? நான் என்னோடத வாசிக்கப் போறேன்."

"அப்ப கடைசியா இருந்தாலும் ஒண்ணுதானே?"

செருப்பு கிடைத்துவிட்டது. மிஸ் போய்விட்டார்.

மூன்று வருஷமாக இதே கதைதான். தேசப்பன் ஒன்று கேட்பார், மிஸ் பதிலுக்கு ஒன்று கேட்பார், பேச்சு அதோடு முடிந்துபோகும்.

மிஸ்ஸுக்கு முப்பத்தாறு வயது. சிஷ்யருக்கு ஐம்பத்து மூன்று. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

தேசப்பன் புளியந்தோப்பு பேண்டு செட்டில் முப்பது வருஷம் சாக்சபோன் வாசித்தவர். கல்யாண ஊர்வலம், காதுகுத்து, சாவு, எதையும் விட்டதில்லை. ஊர்வலத்தில் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். குதிரையைப் பார்ப்பார்கள். நடுரோட்டில் உருண்டு ஆடுகிற மச்சானைப் பார்ப்பார்கள். சாக்சபோன்காரனை ஒருத்தனும் பார்க்கமாட்டான்.

நாற்காலியில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, தன் வாசிப்பைக் கேட்கிற ஜனங்கள் முன்னால் ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும். இதுதான் அவருடைய ஆசை. இதற்காகத்தான் பெரம்பூரில் பியானோ வாசிக்கிற நொரீன் மிஸ்ஸின் வீட்டுப் படியை ஏறினார்.

இப்போது அந்த நாள் வந்துவிட்டது. சென்னையில் சர்வதேச ஜாஸ் விழா. கடைசி இரண்டு மாலையும், நாலு நாட்டுக்காரர்கள் ஐந்து பேர் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்கிறார்கள். உள்ளூருக்காக மிஸ்ஸைக் கேட்டார்கள். மிஸ் தேசப்பனையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. தேசப்பனுக்குச் சனிக்கிழமைதான் முக்கியம். அன்றைக்குத்தான் அவர் மனைவி தனலட்சுமி வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை மகளுக்கு வளைகாப்பு.

*

சனிக்கிழமை காலை ஒத்திகை.

செனகலிலிருந்து இப்ரா. அக்குளில் இடுக்கிக்கொள்ளும் சின்ன மேளம் அவருடையது. இடுக்கினால் அதன் குரல் ஏறும், விட்டால் இறங்கும். கேட்பதற்கு ஆள் பேசுவதுபோலவே இருக்கும்.

ஜப்பானிலிருந்து ஹிசாக்கோ. அவளைவிட ஒரு முழம் உயரமான, ராட்சச வயலின்போன்ற பாஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து ஐந்தாவது டம்ளர் பில்டர் காபி.

பிரேசிலிலிருந்து ராய்முந்தோ. கிதார். எதைச் சொன்னாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்.

ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஜென்ம ஜென்மமாகப் பழகியவர்கள்போலச் சிரித்துக்கொண்டார்கள்.

ஜாஸில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, அந்த மெட்டை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் தோன்றியதை வாசிக்க வேண்டும். அதுதான் சோலோ. ஆளுக்கு முப்பத்திரண்டு பார். நாலு தட்டு ஒரு பார். மொத்தமும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

தோன்றியதை வாசி என்றால் தேசப்பனுக்கு உதறல். அந்த நேரத்துக்கு ஒன்றும் தோன்றாவிட்டால்?

அதனால் மூன்று மாதத்துக்கு முன்பே தோன்ற வைத்துக்கொண்டார்.

முப்பத்திரண்டு பாரையும் செதுக்கி, இழைத்து, மனப்பாடம் செய்தார். வகுப்புக்கு அரை மணி முன்னதாகப் போய் மிஸ் வீட்டு மொட்டை மாடியில் வாசித்துப் பார்ப்பார். கீழே சமையலறையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும். யாருக்கும் கேட்காது. தனலட்சுமிக்குக்கூட அவர் சொல்லவில்லை.

ஒத்திகையிலும் அதை வெளியே எடுக்கவில்லை. கண் பட்டுவிடும். தன் முறை வந்தபோது சும்மா எதையோ ஊதிவிட்டு இறங்கினார்.

மற்றவர்கள் வாசித்தபோது இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். அது பேண்டு செட்டுப் பழக்கம். பக்கத்திலேயே டிரம்மு, முன்னால் பத்தாயிரம் வாலா. பஞ்சு வைக்காதவன் நாற்பது வயதில் செவிடு. ஊர்வலத்தில் காதுக்கு வேலை கிடையாது. மாஸ்டர் கையைத் தூக்கினால் ஊதணும், இறக்கினால் நிறுத்தணும்.

ஒத்திகை முடிந்து வடை வந்தது.

"தேசப்பண்ணா, இப்ரா எப்படி முடிச்சார்?" என்று கேட்டார் மிஸ்.

"சூப்பரா முடிச்சாரு மிஸ்."

"அதான் எப்படி?"

"பிரமாதமா."

"ஹிசாக்கோ?"

"அந்தப் பொண்ணும் சூப்பரு."



தேசப்பன் வடையை ஒரு கடி கடித்துவிட்டு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். "மிஸ், மூணு வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன். நல்ல சோலோவுக்கு இன்னா வேணும்?"

மிஸ் அவர் கையிலிருந்த வடையைப் பிடுங்கினார். அவர் கடித்த பக்கத்திலேயே ஒரு கடி கடித்தார். மென்றபடி எழுந்து போய்விட்டார்.

தேசப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எச்சில் வடை! அதுவும் மிஸ்!

பாவம், காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டார். வேறு என்ன நினைப்பது?

*

மாலை ஆறு மணிக்கே அரங்கம் நிரம்பிவிட்டது.

மூன்றாவது வரிசையில் தனலட்சுமி. கல்யாணப் பட்டு. பக்கத்து இருக்கைக்காரரிடம் மேடையைக் காட்டி ஏதோ சொன்னாள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தேசப்பனுக்குத் தெரியும்.

பஞ்சை இன்னும் அழுத்தமாகச் செருகிக்கொண்டார்.

மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். பிறகு சோலோ ஆரம்பித்தது. இப்ரா வாசித்தார். தேசப்பன் மனசுக்குள் தன்னுடைய முதல் எட்டு பாரை ஓட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. ஹிசாக்கோ வாசித்தாள். அடுத்த எட்டு. ராய்முந்தோ வாசித்தார். அதற்கடுத்த எட்டு. எல்லாம் கச்சிதம்.

இனி மிஸ். மிஸ்ஸுக்குப் பிறகு அவர்.

கடைசியாக ஒரு தடவை முதலிலிருந்து ஓட்டினார்.

இந்தத் தடவை அது ரொம்பத் தெளிவாகக் கேட்டது. மூன்று மாத உழைப்பு வீண் போகுமா? ஒவ்வொரு சுரமும் மணி மணியாக விழுந்தது.

நாலாவது பாரில் ஒரு வழுக்கல் வரும். வந்தது.

ஏழாவதில் கீழே இறங்கி மறுபடி ஏறும். ஏறியது.

தேசப்பன் நிறுத்திப் பார்த்தார். மனசுக்குள் ஓடுவதை நிறுத்தினார்.

அது நிற்கவில்லை.

பஞ்சைப் பிடுங்கினார்.

பியானோ அவருடைய சோலோவை வாசித்துக்கொண்டிருந்தது.

ஐயோ!

ஒரு சுரம் கூடவில்லை, ஒரு சுரம் குறையவில்லை. பன்னிரண்டாவது பார் முடிவில் தேசப்பன் மூச்சு வாங்குவார். பியானோ வாசிக்க மூச்சு எதற்கு? ஆனாலும் அந்த இடத்தில் மிஸ்ஸின் விரல்கள் நின்றன. ஒரு மூச்சு நேரம் நின்று, பிறகு நகர்ந்தன.

தேசப்பன் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் அவரைப் பார்க்கவில்லை. எழுந்து கத்தலாமா என்று தோன்றியது. நிறுத்துங்க, அது என்னோடது என்று கத்த வேண்டும். யார் நம்புவார்கள்?

இருபது. இருபத்தெட்டு. கடைசி நாலு பாரை அவர் தனலட்சுமிக்காக வைத்திருந்தார். அவளுக்குப் பிடித்த மாதிரி, குழைவாக, இழுத்து. அதையும் மிஸ் எடுத்துக்கொண்டார்.

அரங்கம் கை தட்டியது.

தனலட்சுமியும் தட்டினாள். அதைத்தான் தேசப்பனால் தாங்க முடியவில்லை.

மிஸ் அவர் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார்.

உங்க முறை.

தேசப்பன் முன்னால் வந்து நின்றார். விளக்கு முகத்தில் அடித்தது. சாக்சபோனை வாயில் வைத்தார்.

ஒரு பார் போனது.

இரண்டு பார்.

தலைக்குள் ஒன்றுமில்லை. துடைத்துவிட்டாற்போல் காலி. அழுகை வரும்போலிருந்தது. ஐம்பத்து மூன்று வயது ஆள், பெண்டாட்டி பார்க்க, ஊர் பார்க்க.

மூன்று. நாலு.

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பின்னால் ஹிசாக்கோவின் பாஸ் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. இத்தனை நேரமும் அது நடந்துகொண்டுதானா இருந்தது?

அப்போது இப்ரா மேளத்தை இடுக்கினார். இரண்டு தட்டு. இரண்டாவது மேலே ஏறி முடிந்தது.

யாரோ ஒருத்தர் "என்னப்பா?" என்று கேட்டதுபோல இருந்தது.

தேசப்பன் யோசிக்கவில்லை. யோசிக்க அவரிடம் ஏது சரக்கு? கீழ்க் குரலில் இரண்டு சுரம் ஊதினார். ஒண்ணுமில்ல.

மேளம் மறுபடி கேட்டது. நிஜமாவா?

இல்ல, என்றது சாக்சபோன். கொஞ்சம் உடைந்த குரலில்.

பாஸ் நடையை நிறுத்திவிட்டுக் கேட்டது. கிதார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. தேசப்பன் சொல்ல ஆரம்பித்தார். என்ன நடந்தது தெரியுமா, மூணு மாசம்யா, மூணு மாசம். மேளம் 'உச்' கொட்டியது. அவர் கோபமாக ஏறினால் கிதார் கூடவே ஏறியது. நடுவில் பாஸ் ஏதோ கிண்டலாகச் சொல்ல, சாக்சபோனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் வாசித்தார் என்று அவருக்குத் தெரியாது. ஜனங்கள் கை தட்டினார்களா என்றும் தெரியாது. திரை விழுந்த பிறகு ராய்முந்தோ மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். மூன்று முப்பத்திரண்டு, தொண்ணூற்றாறு பார்.

*

மேடைக்குப் பின்னால் மிஸ் மறுபடியும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

தேசப்பன் நேராகப் போய் எதிரில் நின்றார்.

"மிஸ், நீங்க பண்ணது திருட்டு."

மூன்று வருஷத்தில் அவர் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. கேபிள் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றார் மிஸ்.

"ஆமாவா?"

"திருட்டுதான். மாடில நீங்க வாசிச்சது, குக்கர் விசிலுக்கு நடுவுல கேட்டுக்கிட்டே இருந்தேன். எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, இது நியாயமா? ஒரு குரு பண்ற வேலையா இது? என் பொண்டாட்டி வந்து உக்காந்திருக்கா. அவளுக்குன்னு வச்சிருந்தேன் மிஸ், அந்தக் கடைசி நாலு பாரு!"

"அழகா இருந்துச்சு அது."

"இருந்துச்சு இல்ல? என்னுது அது!"

"உங்களுதுதான். யாரு இல்லைன்னா?"

தேசப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மிஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். முகத்தில் விளையாட்டு இல்லை.

"தப்புதாண்ணா. மன்னிச்சுக்குங்க. நாளைக்கும் இதே மேடை, இதே அஞ்சு பேரு. எடுத்ததத் திருப்பிக் குடுத்துடறேன். எனக்கு முன்னாடியே நீங்க வாசிச்சுடுங்க. முப்பத்திரண்டு பாரும் முழுசா உங்களுது. நான் ஒரு சுரம் தொடமாட்டேன். மாதா மேல சத்தியம்."

கேட்கவே தேசப்பனுக்குக் குளிர்ந்தது. அப்படி வாங்க வழிக்கு என்று நினைத்தார். தனலட்சுமியிடம் சொல்லி வளைகாப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். அதை மனசுக்குள்ளேயே குறித்துக்கொண்டு, சரி மிஸ் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"வேணாம், கடைசியே இருக்கட்டும்," என்றது வாய்.

தேசப்பன் திடுக்கிட்டு இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டார்.