பன்றி மறித்த ஊற்று

வறண்ட காட்டாற்றின் நடுவில் ஓர் ஊற்றுக்குழி இருந்தது. அன்று காலை அங்கே வந்தவை: காட்டுப்பன்றி ஒன்று, அதன் குட்டிகள் ஆறு, புள்ளிமான்கள் நான்கு, முயல்கள் மூன்று, முள்ளம்பன்றி ஒன்று, உடும்பு ஒன்று. மொத்தம் பதினாறு. பக்கத்தில் வேறு தண்ணீர் கிடையாது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. குடித்த பெரியவர்கள் போகும்போது, குழிக்குள் சரிந்த மணலை ஆளுக்கு ஐந்து தரம் வெளியே வாரிப் போட வேண்டும்.

அன்று தண்ணீர் ஒரு சாண் குறைந்திருந்தது. குட்டிகளுக்குப் பற்றாமல் போய்விடுமோ என்று பன்றிக்குப் பயம். குழியை மறித்து நின்றது.

"இனி யாரும் இறங்கக் கூடாது. நான்தான் முதலில் தோண்டினேன்."

"மேலே கிளறினீர்கள் மாமா. அடியில் நுழைந்து ஊற்றுக்கண் திறந்தது நான்தானே?" என்றது உடும்பு.

"கோரைப்பல் யாரிடம் இருக்கிறது?"

"உங்களிடம்தான். தண்ணீரைக் கடித்தா குடிக்கப் போகிறீர்கள்?" என்றது ஒரு முயல்.

பன்றி பாய்ந்தது. ஒன்பதும் சிதறி ஓடின. கரையேறி, கற்றாழை மடலைக் கடித்து நாக்கை நனைத்துக்கொண்டன.

முதல் நாள் பன்றிக் குடும்பம் வயிறு முட்டக் குடித்தது. இரண்டாம் நாள் மணல் சரசரவென்று சரிந்தது. பன்றி வழக்கம்போல் ஐந்து தரம் வாரியது. மற்ற ஒன்பது பேர் வார வேண்டிய நாற்பத்தைந்து தர மணலும் உள்ளேயே கிடந்தது. விலகிப் போனால் யாராவது இறங்கிவிடுவார்கள் என்று, பன்றி விளிம்பிலேயே படுத்தது. அதன் எடைக்கு விளிம்பும் இடிந்தது. மூன்றாம் நாள் குழியே இல்லை.

கடைசிக் குட்டி நிற்க முடியாமல் சாய்ந்தது.

பன்றி கரைக்கு ஓடியது. "மான் தங்கச்சி, குட்டி பிழைக்காது போலிருக்கிறது. எல்லோரும் கொஞ்சம் வாருங்கள்."

"துரத்தும்போது இந்தத் தங்கச்சி முறை தெரியவில்லையோ?" என்றது பெண்மான். ஆனால் கேட்டுக்கொண்டே ஆற்றில் இறங்கி ஓடியது. மற்றவையும் பின்னால் ஓடின.

முயல்கள் மேல்மணலைப் பறித்தன. மான்கள் அதைக் குளம்பால் பின்னே தள்ளின. முள்ளம்பன்றி ஓரங்களைச் சரிவாக்கியது. பன்றி மூக்கால் ஆழமாகக் கிண்டியது. உடும்பு தலைகீழாக உள்ளே நுழைந்தது. அதன் வால் மட்டும் வெளியே ஆடியது.

"ஈரம் தட்டுகிறது! இன்னும் வாருங்கள்!"

வாரினார்கள். தண்ணீர் குபுகுபுவென்று ஊறியது.

"சின்னவன் முதலில் குடிக்கட்டும்," என்றது ஒரு முயல்.

குட்டி ஏழு வாய் குடித்தது. எழுந்து நின்றது. பன்றி எல்லோருக்கும் பின்னால் கடைசியாகக் குடித்தது.

ஊற்றை மறிப்பவருக்கும் தண்ணீர் கிடைக்காது, சேர்ந்து தூர் வாரினால் பதினாறு பேர் குடித்த பிறகும் நான்கு விரற்கடை மிஞ்சும்.