பின்னறைக் கூரையும் பறிபோன பதிவும்

ஒரு மாநிலம். அங்கே வீட்டைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் ஆய்வாளர் ஆவது லேசில்லை. பரீட்சை எழுத வேண்டும். மூத்தவர் பின்னால் வருஷக்கணக்கில் ஏணி தூக்க வேண்டும். கடைசியில் பதிவு வாரியத்தின் முன் உறுதி சொல்ல வேண்டும்: "என்னை அமர்த்தியவர் சம்மதமில்லாமல், கண்டதை யாரிடமும் சொல்லமாட்டேன்." மீறினால் பதிவு போச்சு, பிழைப்பும் போச்சு.

இருதயராஜ் இரண்டு தரம் தோற்றுப் பதிவு வாங்கியவர். தணிகாசலம் என்ற துணிக்கடைக்காரர், தான் வாங்கப்போகும் வீட்டைப் பார்க்க அவரை அமர்த்தினார். வீட்டில் வாடகைக்கு இருந்தவள் சல்மா பீவி, கைக்குழந்தைக்காரி. பின்னறைக் கூரையில் கம்பி துருவேறிக் காரை உப்பிக் கிடந்தது. மேலே புதுச் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே தூளி.

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம் சார்."

தணிகாசலம் சிரித்தார். "அவ வீட்டுச் சொந்தக்காரன்கிட்ட சொல்லுவா, அவன் சரிபண்ணிடுவான். அப்புறம் எதைக் காட்டி நான் விலையைக் குறைக்கிறது? கடைசி நேரத்துல இதை எடுத்துப் போட்டாத்தான் அவன் மடங்குவான். உங்க உறுதி ஞாபகம் இருக்குல்ல?"

இருதயராஜ் அவளிடம் சொல்லாமலே ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் தணிகாசலம் மனைவியோடு வந்தார். ஆய்வாளரும் கூட வந்தார். குழந்தையைப் பார்க்கும் ஆசையில் தணிகாசலத்தின் மனைவி பின்னறைக்குள் கால் வைத்ததுதான் தாமதம், தணிகாசலம் பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தார். "அங்க நிக்காத, வெளிய வா!"

சல்மா பீவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வாளரிடம் திரும்பினாள். "அண்ணே, அவங்க நிக்கக்கூடாத இடத்துலதான் என் புள்ள தூங்குது. அங்க என்ன இருக்கு?"

"தூளியை அவுத்துடும்மா. கூரை விழுந்திடும்."

விஷயம் வீட்டுச் சொந்தக்காரன் காதுக்குப் போனது. கூரையை இடித்துக் கட்டினான். விலை இறங்கவில்லை. தணிகாசலம் வாரியத்தில் புகார் கொடுத்தார்.

"சொன்னீங்களா?" என்றார் அதிகாரி.

"சொன்னேன்."

"அவர் சம்மதிச்சாரா?"

"இல்லை."

"இப்படி ஆளாளுக்குச் சொன்னா, நாளைக்கு யாருங்க ஆய்வாளரை நம்பிக் கூப்பிடுவாங்க?" பதிவு ரத்து.

கூலி கொடுத்தவர் தன் ரகசியத்தைக் காக்கச் சொன்னார். ஆய்வாளர் உறுதியை மீறினார். அதிகாரி சட்டப்படி தண்டித்தார். மூவரில் நியாயம் யார் பக்கம்? யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: இருதயராஜ் பக்கம். நான் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. ரகசியத்தை முதலில் உடைத்தது அவர் வாயல்ல, தணிகாசலத்தின் கை. மனைவியை இழுத்தபோதே, உள்ளே ஆபத்து என்று அவரே காட்டிக்கொடுத்துவிட்டார். யார் முதலில் காட்டியது என்று அந்த அதிகாரி கேட்டாரா? நானும் பேரம் பேசிப் பிழைக்கிறவன்தான். குழாய் ஒழுகுது, கதவு இறங்கிடுச்சு என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்டிருக்கிறேன், வெட்கமில்லை. ஆனால் தன் பெண்டாட்டியை நிற்க விடாத இடத்தில் அடுத்தவள் பிள்ளையைத் தூங்க விட்டு விலை பேசுகிறவன் வியாபாரியா? த்தூ! இருதயராஜையும் முழுசாக விடமாட்டேன். அவள் கேட்கிறவரைக்கும் ஒரு ராத்திரி சும்மா இருந்தாரே, அதற்கு எந்த வாரியத்திலும் மன்னிப்பு கிடையாது.